மச்சான் மெலிந்தார், அலமாரி சிரித்தது

தலைமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே! அம்மையாரைத் தாங்கிக்கொண்டிருக்கும் நாற்காலியே! அந்த நாற்காலியையும் என்னையும் இன்னும் சில பெரியமனிதர்களையும் முனகிக்கொண்டே தாங்கும் இந்த மேடைப் பலகையே! முன்னிலை வகிக்கும் மூத்தோர்களே! கைக்கடிகாரத்தைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உட்கார்ந்தால் எழுந்து ஓட முடியாது என்ற முன்யோசனையோடு சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் மச்சான் அவர்களே! அனைவருக்கும் பணிவான வணக்கம்.

வணக்கம் சொல்ல வளைந்தேன், நிமிர்ந்துவிட்டேன். இந்த இரண்டு செயலையும் மனத்தில் முடிந்துவையுங்கள். இன்றைக்கு நான் எவ்வளவு நேரம் பேசினாலும், அந்த இரண்டுக்கு மேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? மச்சானைத் தேடுகிறீர்களா? அந்தத் தூணைப் பாருங்கள். ஒல்லித் தூண். ஓராண்டுக்கு முன்பு மச்சான் அதற்குப் பின்னால் நின்றிருந்தால், தூண்தான் அவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இன்று தூண் அவரை மறைக்கிறது. இந்தச் சிறிய மாற்றத்தால், நீங்கள் திறந்துவைக்க வந்திருக்கும் இந்தப் படிப்பகத்தின் அலமாரிகள் அத்தனையும் தொய்ந்துவிடப் பார்த்தன! ஓர் உத்தமர் உடல் மெலிந்தால் ஓர் அலமாரி ஏன் வளைய வேண்டும்? அதுதான் இன்றைய உரையின் பொருள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. மற்றவர்கள் ஆக்குவார்கள், காப்பார்கள். நான் உடைப்பேன். அதுதான் என் உத்தியோகம்! பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. கம்பியைக் கொண்டுவந்தால் இழுத்து அறுப்பேன், கல்லைக் கொண்டுவந்தால் நசுக்கி நொறுக்குவேன், "எதைத் தாண்டினால் இது தாங்காது" என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன். என் கை பட்டு முழுசாய் வீடு திரும்பிய பொருள் இந்தப் பூமியில் இல்லை. தேநீர்க் கடையில் எனக்கு மட்டும் காகிதக் குவளை.

என் தங்கை எனக்கு நேர் எதிர். அவள் ஆக்குகிறவள். இதோ முதல் வரிசையில், புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்ற முகத்தோடு இருக்கிறாளே, அவள்தான். இரும்புத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, வண்ணமடித்து, கடைகளுக்கு அலமாரி செய்து தரும் பட்டறைக்காரி. எதிரிக்குக்கூடக் கதவைத் திறக்கும் அந்தப் பட்டறையில் எனக்கு மட்டும் அனுமதி கிடையாது. "நீ உள்ள வந்தா எதையாவது உடைச்சுட்டுத்தான் போவ" என்பாள். தொழில் தெரிந்த தங்கை, மறுக்க முடியுமா?

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெந்தப் பட்டறையிலும் இல்லாத வழக்கம். புதிதாக ஓர் அலமாரி செய்தால், முதல் தட்டின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுவார்கள். பிறகு மச்சானை, அதாவது தங்கையின் கணவரை, அழைப்பார்கள். மச்சான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, பட்டாபிஷேகத்துக்கு வருகிற மன்னர் போல வந்து, தட்டின் நட்டநடுவில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தேநீரை நிதானமாகக் குடிப்பார். தட்டு வளையும். குடித்துவிட்டு எழுந்திருப்பார். தட்டு நிமிர்ந்து நூலுக்கு மேலே போய்விட்டால் தேறியது. நிமிராமல் நூலை அழுத்திக்கொண்டே கிடந்தால், "தகடு மெல்லிசு, கனமாப் போடு" என்று தீர்ப்பு. அவ்வளவுதான் சோதனை. ஒவ்வோர் அலமாரியிலும் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதில் உட்கார்ந்த நிலையில் மச்சானின் நிழலுருவம். ஊரெல்லாம் "உட்கார்ந்த ஆள் மார்க் அலமாரி" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

மச்சானின் அந்தக் காலத்து உருவத்தை எப்படி வருணிப்பேன்! அவர் ஆற்றில் இறங்கினால் அக்கரையில் வெள்ள எச்சரிக்கை. அவர் பேருந்தின் இடப்பக்கம் உட்கார்ந்தால், ஓட்டுநர் வலப்பக்கம் திருப்பிக்கொண்டேதான் நேராகப் போக வேண்டும். எடை பார்க்கும் இயந்திரம் அவருக்குச் சீட்டுக் கொடுக்காமல் காசைத் திருப்பிக் கொடுத்தது. மிகைப்படுத்துகிறேன் என்று அங்கே ஒரு அம்மா தலையாட்டுகிறார். அம்மா, குறைத்துத்தான் சொல்கிறேன். அவர் மனைவி இங்கே இருக்கிறாள்.

அறிவியல் பேசத்தானே அழைத்தோம், அறிவியல் எங்கே என்று தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். இதோ வந்துவிட்டேன் அம்மா.

பளு என்பது என்ன? வெளியிலிருந்து ஒரு பொருளின் மேல் வந்து விழும் தொல்லை. இழுக்கலாம், அழுத்தலாம், வளைக்கலாம், முறுக்கலாம். தொல்லைக்குப் பல உருவம். அந்தத் தொல்லையைப் பொருள் தன் உடம்பில் எப்படிப் பங்குபோட்டுக் கொள்கிறது என்பதைத்தான் தகைவு என்கிறோம். செருப்பணிந்த காலால் நான் உங்கள் காலை மிதித்தால் திட்டுவீர்கள். அதே நான், ஊசிக்குதி வைத்த செருப்பால் மிதித்தால்? திட்டவும் வாய் வராது! மிதித்தவன் ஒருவன்தான், எடை ஒன்றுதான். பங்கிட்டுக்கொள்ள இடம் குறைந்தது, தகைவு ஏறியது. பளு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு இடத்தில் என்றும் கேளுங்கள்!

பளு வந்தால் பொருள் சும்மா இருக்குமா? கொஞ்சம் நீளும், கொஞ்சம் குறுகும், கொஞ்சம் கோணும். தன் அளவுக்கு அது எவ்வளவு மாறியது என்பதுதான் திரிபு. ஒரு முழக் கயிறு ஒரு விரற்கடை நீண்டால் அது பெரிய சமாசாரம். ஊரைச் சுற்றிக் கட்டிய கயிறு ஒரு விரற்கடை நீண்டால், அது கயிற்றுக்கே தெரியாது. இந்த மேடைப் பலகை என் காலடியில் இப்போது வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லையா? வளைந்திருக்கிறது ஐயா! நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி குறுகியிருக்கிறது, தொங்கும் மின்விசிறியின் தண்டு நீண்டிருக்கிறது. அசையாத பொருள் என்று ஒன்று உண்டா? அலட்டிக்கொள்ளாத பொருள் என்று வேண்டுமானால் உண்டு!

பளுவை எடுத்தால் பழைய உருவத்துக்குத் திரும்புகிறதே, அந்தக் குணத்துக்கு மீள்தன்மை என்று பெயர். ரப்பருக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். எஃகுக்கும் உண்டு, கண்ணாடிக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் வளைத்தால் மன்னித்துவிடும். எல்லையைத் தாண்டி வளைத்தால் மறக்கவே மறக்காது. வளைந்தபடியே நிற்கும். ஒரு கரண்டியை மெல்ல அழுத்திப் பாருங்கள், நிமிரும். ஆத்திரத்தோடு அழுத்திப் பாருங்கள், வீட்டில் அந்தக் கரண்டி சாகும்வரை உங்கள் ஆத்திரத்துக்குச் சாட்சி சொல்லும்.

இப்போது கதைக்கு வருகிறேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டவர் யார் என்று பார்த்துவிட்டேன்.

சென்ற ஆண்டு மச்சானுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மருத்துவர் சோதித்துவிட்டு, இப்படியே போனால் இதயம் தாங்காது என்று நேராகச் சொல்லிவிட்டார். என் தொழிலில் நான் எழுதிக் கொடுக்கும் அதே சீட்டு! தங்கை கலங்கிப்போனாள். மறுநாளிலிருந்து மச்சான் காலையில் நடந்தார், மாலையில் நடந்தார், தேநீரில் சர்க்கரையை விட்டார், கேக் கடை இருக்கும் தெருவையே விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, அமாவாசைக்குப் போகும் நிலவு போல, மனிதர் தேய்ந்தார். பட்டறையே பாராட்டியது. தங்கை அவர் கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் சரி. அலமாரிச் சோதனை? அது பாட்டுக்கு நடந்தது! நூல் கட்டினார்கள், மச்சான் உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், எழுந்தார், தட்டு நிமிர்ந்தது. முன்பு தேறாத மெல்லிசுத் தகடெல்லாம் இப்போது முதல் வகுப்பில் தேறியது. தகடு விற்பவர் தரத்தை உயர்த்திவிட்டார் என்று தங்கைக்குப் பூரிப்பு. பட்டறை முழுக்க மெல்லிசுத் தகட்டுக்கு மாறியது. படிக்கல் தேய்ந்துகொண்டே வருவதைத் தராசிலே யாரும் பார்க்கவில்லை. படிக்கல்தான் அவர்களோடு உட்கார்ந்து சர்க்கரை இல்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்ததே!

கடைகளில் அந்த அலமாரிகள் சோப்பையும் பிஸ்கட்டையும் சுமந்துகொண்டு சமாளித்தன. அப்போதுதான் இந்தப் படிப்பகத்துக்கு அலமாரி கேட்டு அம்மையார் வந்தார். தங்கைக்குக் கனவு போல. கடைக்குச் செய்வது வேறு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கும் கூடத்துக்குச் செய்வது வேறு. "என் பேரு நிக்கிற இடம் அதுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரிகள் வந்து இறங்கின. சோதித்துப் பார்க்கலாமே என்று, ஒரே ஓர் அலமாரியில் தோல் கட்டுப்போட்ட தடித்த தொகுதிகளை அடுக்கச் சொன்னார் அம்மையார். புத்தகத்தைப் போல ஏமாற்றுகிற சரக்கு கிடையாது. கையில் ஒன்று இருந்தால் அறிவு. அலமாரியில் ஒரு வரிசை இருந்தால் பாறாங்கல்!

தங்கைக்குத் தொலைபேசி வந்தது. அம்மையார் கோபப்படவில்லை. கோபப்படாதவர்கள்தான் பயங்கரம். "உங்க அலமாரி என்னைப் பார்த்துச் சிரிக்குதும்மா. வந்து பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தால், உண்மையிலேயே சிரிப்பு. ஒவ்வொரு தட்டும் நடுவில் தொய்ந்து, வாய்விட்டுச் சிரிக்கிறது. புத்தகங்களை இறக்கினார்கள். சிரிப்பு மாறவில்லை. எல்லையைத் தாண்டிய வளைவு! திறப்பு விழாவுக்கோ அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அம்மையார் விழா வரை அவகாசம் கொடுத்தார்; அதற்குள் நிமிரவில்லையென்றால் வேறு பட்டறை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த அலமாரியை நான் குறை சொல்லமாட்டேன். கும்பிடுவேன்! சில பொருள்கள் சாக்பீஸ் போல. முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாது, படீரென்று முறியும். கண்ணாடியும் அப்படித்தான். ஆனால் நல்ல எஃகு அப்படிச் செய்யாது. முறிவதற்கு வெகு முன்பே வளையும், இழுபடும், தொய்யும். "என்னால முடியலப்பா, கொஞ்சம் இறக்கு" என்று தன் உடம்பாலேயே சொல்லும். கேட்கிற கண் இருந்தால் போதும். அந்த அலமாரி பிள்ளைகள் தலையில் விழவில்லை. அம்மையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. என்ன பண்பு! என்ன பண்பு! மனிதர்களில் எத்தனை பேர் சொல்கிறோம்?

பட்டறையில் ஆலோசனைக் கூட்டம். வெல்டர் தகட்டைத் திட்டினார். தகடு வெட்டுபவர் வெல்டரைத் திட்டினார். மச்சான் ஒரு மகத்தான யோசனை சொன்னார்: வளைந்த தட்டைக் கவிழ்த்துப் போட்டு, மேலே தான் உட்கார்ந்து நிமிர்த்திவிடலாம் என்று. ஐயா, ஒரு காகிதக் கவ்வியை விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வளைத்துப் பாருங்கள். முதல் வளைவில் முறியாதது, சலித்துப்போய் அடுத்தடுத்த வளைவுகளில் முறிந்துவிடும். இரும்புக்கும் களைப்பு உண்டு. நம்மைப் போல வாய்விட்டுப் புலம்பாது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் என் தங்கைதான். அன்று மாலை மச்சானின் கால்சட்டையை மறுபடியும் பிடித்துத் தைக்க எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக இடுப்பில் இறுகிக் கிடந்த தையல்களைப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தாள். ஊசி கையில் அப்படியே நின்றது. "தகட்டுல குறை இல்லைங்க. நீங்கதான் குறைஞ்சிருக்கீங்க" என்றாள்.

மச்சானின் முகம் போன போக்கைச் சொல்ல என்னிடம் தமிழ் போதாது. அவருக்கு என்ன பதவி உண்டு அந்தப் பட்டறையில்? வெட்டத் தெரியாது, பற்றவைக்கத் தெரியாது. உட்காரத் தெரியும்! அந்த ஒன்றில் அவருக்கு நிகர் எவருமில்லை. வில்லையில் இருப்பது அவர் உருவம். அதுவும் இப்போது அவரில்லை.

மறுநாளிலிருந்து அவர் நடக்கப் போகவில்லை. கேட்டதற்கு முழங்கால் வலி என்றாராம். மதியம் ஆளைக் காணவில்லை. தங்கை தேடிக்கொண்டு போனால், வண்ண டப்பாக்களுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு முழுக் கேக்கை வைத்துக்கொண்டு, மருந்து சாப்பிடுகிற முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! ஒரு துளி ஆசையில்லை கண்ணில். கடமை!

"ஒரு சுத்து ஏறிட்டேன்னா எல்லாம் பழையபடி ஆயிடும். பட்டறை பேரே என் மேலதான உக்காந்திருக்கு" என்றார்.

நான் கேலிக்காரன். என் தங்கை அப்போது சொன்ன பதிலை மட்டும் கேலியில்லாமல் சொல்கிறேன். அவள் அந்தக் கேக்கை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "தகடு வளைஞ்சா வேற தகடு வாங்கிக்கலாம். நீங்க வளைஞ்சா நான் எந்தக் கடையில போய் வாங்குவேன்?" என்றாள்.

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அவள் எழுந்து போகப் பார்க்கிறாள். யாராவது அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு மறியுங்கள்.

அதன்பிறகு உலக வரலாற்றில் நடக்காத ஒன்று நடந்தது. என் தங்கை எனக்குத் தொலைபேசி செய்தாள். "அண்ணா, பட்டறைக்கு வா. வந்து உடை" என்றாள்.

பறந்தேன்! வழியில் என் காலுக்கும் பூமிக்கும் தொடர்பே இல்லை. எடை போட்டுக் கட்டிய மணல் மூட்டைகளோடு இறங்கினேன். மூட்டைக்கு ஒரு பெருமை உண்டு: அது நடக்கப் போகாது, சர்க்கரையை விடாது, மனைவி சொன்னால் கேட்காது. இன்றும் நாளையும் அதே எடை. அளவுகோல் என்றால் அப்படிக் கல்நெஞ்சோடு இருக்க வேண்டும். அதை மனிதன் தலையில் கட்டலாமா? ஒரு புதுத் தட்டில் மூட்டையை ஏற்றுவோம், இறக்குவோம், நூலைப் பார்ப்போம். நிமிர்ந்ததா? இன்னொரு மூட்டை. நிமிர்ந்ததா? இன்னொன்று. ஒரு கட்டத்தில் இறக்கிய பிறகும் தட்டு நூலை விடவில்லை. அதுதான் எல்லை! எல்லை தெரிந்தால் போதும், அதற்கு வெகுதூரம் முன்பே நின்றுகொள்ளலாம். ஒன்றை உடைத்துப் பார்க்காமல் மற்றவற்றை உடையாமல் காப்பது எப்படி?

எல்லை தெரிந்தது. ஆனால் புத்தகங்களுக்கு அது போதாது. கனத்த தகடு வரவழைக்க நாளில்லை. என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, வெல்டர் மேசையில் கிடந்த இந்த விழா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். அது தொளதொளவென்று மடங்கியது. எரிச்சலில் அதன் இரண்டு ஓரத்தையும் மடித்து நிறுத்தி மறுபடி விசிறினார். விறைத்து நின்றது!

உங்கள் கையிலும் அழைப்பிதழ் இருக்கிறதே. எடுங்கள்! ஒரு முனையில் பிடியுங்கள். துவள்கிறதா? இப்போது நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் விரலகலம் மடித்து நிறுத்துங்கள். பிடியுங்கள். ஆகா, கூட்டம் முழுக்க விறைத்து நிற்கும் அழைப்பிதழ்கள்! காகிதம் அதே காகிதம். ஒரு தட்டு வளையும்போது அதன் மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. மேலுக்கும் அடிக்கும் இடையே உயரம் கூடக்கூட, வளைக்க வருகிறவன் பாடு திண்டாட்டம். பொருளைக் கூட்டாமலே உறுதியைக் கூட்டலாம்! ஐயா, அந்தக் கடைசி வரிசைக்காரர் அழைப்பிதழில் ராக்கெட் செய்துவிட்டார். பரவாயில்லை, அதுவும் மடிப்புத்தான்.

வெல்டரை மச்சான் கட்டிப்பிடித்தார். இப்போது அவருடைய கைகள் ஓர் ஆளைச் சுற்றி வளைகின்றன, பாருங்கள்! படிப்பகத் தட்டுகளுக்கெல்லாம் அதே மெல்லிசில் புதுத் தகடு வெட்டி, முன்னோரத்திலும் பின்னோரத்திலும் மடித்த பட்டையை அடியில் வைத்துப் பற்றவைத்தார்கள். மூட்டைகள் ஏறின. இறங்கின. ஏற்றியவரும் இறக்கியவரும், தரையில் படுத்து ஒற்றைக் கண்ணால் நூலைப் பார்த்தவரும் யார்? மச்சான்! படியேறினால் மூச்சு வாங்கியவர், மூட்டையோடு ஏறி இறங்குகிறார். "நிமிந்துருச்சு" என்று தரையிலிருந்து அவர் சொன்னபோது தங்கை திரும்பிக்கொண்டாள். கண்ணில் இரும்புத்தூள் விழுந்துவிட்டதாம். அந்த நேரத்தில் அங்கே யாரும் இரும்பு அறுக்கவில்லை. கடைகளுக்குப் போன மெல்லிசு அலமாரிகளுக்கும் அவளே ஆள் அனுப்பிப் பட்டை வைத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்பானவர்களே! பளு இல்லாத பலகை உண்டா? பளு இல்லாத தோள் உண்டா? பளு இல்லாத பிழைப்புத்தான் உண்டா? பளுவைக் கண்டு வளைவது குற்றமா? வளையட்டும்! வளைந்து நிமிரட்டும்! ஆனால், உங்கள் வீட்டில் ஒருவர் நாளெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தால், ஒருமுறை அடியில் நூல் கட்டிப் பாருங்கள். அது சிரிப்பா, தொய்வா என்று பாருங்கள். தொய்வென்றால், எல்லைக்கு முன்னால், இன்றைக்கே, ஒரு மூட்டையை இறக்கிவையுங்கள்! கேக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள்!

என் பின்னால் நிற்கும் இந்த அலமாரிகளைப் பாருங்கள். அதே தோல்கட்டுத் தொகுதிகள். ஒன்றும் சிரிக்கவில்லை, நூலகத்துக்கு ஏற்ற முகத்தோடு நிற்கின்றன. வில்லையையும் பாருங்கள். உட்கார்ந்திருந்த ஆள் எழுந்துவிட்டார். நிற்கிறார், ஒல்லியாக, கையில் ஒரு நூலோடு. மச்சான், தூணை விட்டு வெளியே வாருங்கள். படத்தில் இருப்பது யாரென்று ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

வருகிறார். மேடையேறுகிறார். பலகை முனகவே இல்லை, கேட்டீர்களா?

தலைமை தாங்கிய அம்மையாருக்கும், அலமாரி தாங்கிய தங்கைக்கும், இத்தனை நேரம் என்னைத் தாங்கிய உங்களுக்கும் என் நன்றி. உங்கள் பொறுமையின் எல்லையை அளந்து பார்க்கும் ஆசை என் தொழிலுக்கு உண்டு, உறவுக்கு இல்லை. ஆகவே நான் இறங்குகிறேன். இந்தப் பலகையும் நீங்களும் நிமிர்ந்துகொள்ளுங்கள். வணக்கம்!